துணி கடல் கடந்தது, குடும்பம் எங்கே நின்றது?

கொங்கு நாட்டுத் தறிகளில் இறங்கிய துணி 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியக் கப்பல்களில் ஏறியது. அந்தக் கப்பல்களுக்குச் சரக்குச் சேர்த்துக் கொடுத்த பெருவணிகக் குடும்பங்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பழவேற்காடு, சென்னப்பட்டணம், புதுச்சேரி, பரங்கிப்பேட்டை, கீழக்கரை என்று கரையோர ஊர்களே வரிசையாக வருகின்றன. கொங்கின் நடுவிலிருக்கும் பல்லடத்துக்காரர்களுக்கு இது வியப்பாக இருக்காது. மேற்கே பொன்னானி, கிழக்கே நாகப்பட்டினம். எந்தப் பக்கம் போனாலும் பொதிமாட்டு நடையில் பல நாள் வழி. ஆனால் தூரத்தை மட்டும் காரணமாகச் சொல்லி முடித்துவிட முடியாது. உள்நாட்டில் வறண்ட சீமையில் இருந்த நகரத்தார் கடல் கடந்தார்கள். கொங்கு வணிகர் ஏன் பாலக்காட்டுக் கணவாயோடு நின்றார்கள்?

இந்தக் கேள்விக்குள் இன்னொரு பெரிய கேள்வி இருக்கிறது. தொடக்கக் காலனி ஆட்சிக் காலத்தில், அதாவது 1500-க்கும் 1800-க்கும் இடையில், கடல் வணிகம் குடும்ப உறவின் மேல் நடந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எந்த உறவின் மேல் என்று கேட்பவர்கள் குறைவு. தமிழ்க் குடும்பத்தில் உறவு ஒரே சரக்கு அல்ல. பங்காளி வேறு, மாமன் மச்சான் வேறு. பங்காளிக்குச் சொத்தில் உரிமை உண்டு, மச்சானுக்கு இல்லை. பங்காளி வீட்டில் பெண் எடுக்க முடியாது; மாமன் வீட்டில் எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும் என்றே பல சாதிகளில் இருந்தது. இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பழைய ஆவணங்களைப் படித்தால் பல சங்கதிகள் வேறு மாதிரித் தெரிகின்றன. என் கருத்து இதுதான்: குடும்பம் தன் எல்லைவரை சரக்கைக் கொண்டுபோனது, ஒரு வலையிலிருந்து இன்னொரு வலைக்குச் சரக்கு கைமாறிய இடங்களில்தான் லாபமும் அதிகாரமும் தங்கின, ஐரோப்பியக் கம்பெனிகள் வென்றது அந்த இடங்களைப் பிடித்ததால்.

முதலில் கரையோரக் கதைகளைப் பார்த்துவிடுவோம். கொங்கு நாட்டை அளக்க அவை வேண்டும்.

1511-இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கே மலாக்காவைப் பிடித்தபோது அங்கே தமிழ் வணிகர்களின் பெரிய குடியிருப்பு இருந்தது. அவர்களில் ஒருவரை போர்த்துகீசிய ஆவணங்கள் நினா சாத்து என்று குறிக்கின்றன. நகரம் விழுவதற்கு முன்பே சிறையிலிருந்த போர்த்துகீசியருக்கு அவர் உதவினார். விழுந்த பிறகு முஸ்லிம் அல்லாத மக்களுக்குத் தலைவராக, பெண்டஹாரா பதவியில் அமர்த்தப்பட்டார். போர்த்துகல் அரசரின் பணமும் இவர் பணமும் சேர்ந்து பெகு, பாசை போன்ற இடங்களுக்குக் கப்பல்கள் போயின. 1514-இல் பதவியைப் பறித்து வேறொருவருக்குக் கொடுத்தபோது அவர் தீ மூட்டி உயிரை விட்டார். ஐரோப்பியரோடு கூட்டுச் சேர்ந்த தமிழ் வணிகரின் முதல் பெரிய கதையே இப்படி முடிகிறது. அரசரின் கூட்டாளியாக இருந்தவருக்குப் பதவி பறிபோனதும் பிடித்து நிற்க ஒன்றுமில்லை.

அடுத்த நூற்றாண்டில் பழவேற்காடு. டச்சுக்காரர் அங்கே 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குத் துணி சேர்த்துக் கொடுத்த பலிஜா குடும்பத்தின் தலைவர் அச்சுதப்பச் செட்டி. ஆவணங்களில் மலையா என்ற பெயரில் அதிகம் வருவார். 1634-இல் அவர் இறந்ததும் தம்பி சின்னண்ணச் செட்டி முன்னுக்கு வந்தார்; 1659 வரை இருந்தார். இவர்களை வெறும் தரகர்கள் என்று சொன்னால் தவறு. சொந்தக் கப்பல்கள் பர்மா, மலாயா துறைகளுக்குப் போயின; உள்நாட்டில் வரிக்குத்தகை எடுத்தார்கள்; சந்திரகிரி அரசவையில் பேச்சு நடத்தினார்கள்; தேவைப்பட்டால் படையும் சேர்த்தார்கள். இப்படி வணிகத்தையும் வரியையும் அரசியலையும் ஒரே கையில் வைத்திருந்தவர்களைப் பற்றி சஞ்சய் சுப்ரமணியமும் சி. ஏ. பெய்லியும் 1988-இல் எழுதிய கட்டுரை, ஆசிய வணிகர்கள் எல்லாம் மூட்டை தூக்கிய சில்லறை வியாபாரிகள் என்று டச்சு வரலாற்றாளர் வான் லூர் விட்டுப்போன கருத்தை ஏறக்குறைய ஓரங்கட்டிவிட்டது.

ஆனால் எனக்கு இந்தக் குடும்பத்தில் ஆர்வம் தருவது அதன் வளர்ச்சியைவிட உடைவு. அடுத்த தலைமுறையில் லட்சுமணா, சேஷாத்ரி, கோனேரி என்று பெயர்கள் வருகின்றன. 1640-களில் சித்தப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே மூண்ட சண்டை வீட்டுக்குள் நிற்கவில்லை. சேஷாத்ரியும் கோனேரியும் சென்னப்பட்டணத்து ஆங்கிலேயரிடம் போய் இடம்பிடித்தார்கள். ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் இரு கம்பெனிகளின் பக்கம் நின்றன. பங்காளிச் சண்டைக்கு வடக்கே டச்சுக் கோட்டையும் தெற்கே ஆங்கிலக் கோட்டையும் இருந்தது கம்பெனிகளுக்கு எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. 1652-இல் சென்னையில் வலங்கை, இடங்கை என்ற சாதி அணிகளிடையே கலகம் வெடித்தபோது பின்னணியில் வணிகத் தலைவர்களின் போட்டியும் இருந்தது.

இதோடு புதுச்சேரியை ஒப்பிட வேண்டும். அங்கே பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக, அதாவது தரகரும் மொழிபெயர்ப்பாளருமாக, இருந்த நைனியப்பப் பிள்ளை, தம் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையைச் சென்னையை அடுத்த பெரம்பூரிலிருந்து அழைத்து வந்தார். உறவு பங்காளி உறவு அல்ல, மச்சான் உறவு. 1716-இல் ஆளுநர் எபேர் காலத்தில் நைனியப்பர் சிறைப்பட்டார்; கசையடி பட்டு, சொத்து இழந்து, 1717-இல் சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்கே போய் நீதி கேட்டார், கிறிஸ்தவராகி, புனித மைக்கேல் வீரர் பட்டம் பெற்றுத் திரும்பினார், 1724-இல் இறந்தார். அதற்குப் பின்னும் குடும்பம் அழியவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. செல்வாக்கு மச்சான் வழியில் இறங்கியது. திருவேங்கடம் பிள்ளையின் மகன் ஆனந்தரங்கப் பிள்ளை பரங்கிப்பேட்டை வணிகத்தைப் பார்த்து, ஆனந்தப்புரவி என்ற கப்பலை ஓட்டி, 1747-இல் ஆளுநர் டூப்ளேக்குத் தலைமைத் துபாஷியானார். 1736 முதல் 1761-இல் இறக்கும் வரை அவர் எழுதிய நாட்குறிப்பை வெறும் அரசியல் செய்திக் களஞ்சியமாகப் படிப்பது வழக்கம். திருமணம், சாவு, கடன், யார் வீட்டுக்கு யார் போனார், யாருக்கு வெற்றிலை முதலில் கொடுக்கப்பட்டது என்று அவர் எழுதி வைத்திருப்பதை அலுப்பான பகுதி என்று தாண்டிப் போகிறவர்கள் வணிகத்தின் உயிரைத் தாண்டிப் போகிறார்கள். எதிர்த்தரப்பும் குடும்பம்தான்: கனகராய முதலியின் கிறிஸ்தவக் குடும்பம். துபாஷிப் பதவிக்கு இரு குடும்பங்கள் தலைமுறைக் கணக்கில் மோதின.

குடும்பம் ஒன்று சண்டையில் உடைந்தது. இன்னொன்று சிறைத் தண்டனையைத் தாங்கியது. இரண்டே உதாரணங்களை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனாலும் உடைந்தது சொத்துரிமையால் கட்டிய இடத்தில், தாங்கியது திருமணத்தால் கட்டிய இடத்தில் என்பதை ஒதுக்கிவிட முடியாது.

கரையோர முஸ்லிம் குடும்பங்களை இங்கே சுருக்கமாகவே சொல்ல முடியும். கீழக்கரையில் சேதுபதிகளின் ஆதரவோடும் டச்சுக்காரரோடு போட்டியும் பேரமுமாக 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கோலோச்சிய பெரியதம்பி மரைக்காயர், உமறுப் புலவரை ஆதரித்த சீதக்காதி என்று தமிழகம் அறிந்த பெயர். நாகூர், பரங்கிப்பேட்டை மரைக்காயர்கள் கெடாவிலும் அச்சேவிலும் துறை பிடித்தார்கள்; 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கை ஆங்கிலேயருக்காகப் பெற்ற பிறகு அங்கே குடியேறினார்கள். போன இடத்தில் மலாய்ப் பெண்களை மணந்தார்கள். இது முக்கியம். கரையைவிட்டுப் போகும் குடும்பம் போன துறைமுகத்தில் சம்பந்தி தேடிக்கொள்கிறது. அந்தச் சம்பந்தம் வழியே அந்நிய ஊரின் கைமாறும் இடம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மதமும் சட்டமும் அதற்கு இடம் கொடுத்தன. சாதிக்குள் மட்டுமே மணம் முடிக்கும் இந்து வணிகருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது.

கம்பெனிகள் இந்தக் குடும்பங்களை எப்படிப் பார்த்தன? முதலில் பயந்தன. ஒரே குடும்பம் சரக்கைப் பிடித்துவைத்தால் கப்பல் காலியாகத் திரும்ப வேண்டும். பருவக்காற்று யாருக்கும் காத்திருக்காது. எனவே 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் டச்சுக்காரரும் பின்னர் ஆங்கிலேயரும் வணிகர்களைப் பங்கு போட்டுச் சேரும் கூட்டுக் கம்பெனிகளாகத் திரட்டினார்கள். சென்னையில் வணிகர் காசி வீரண்ணாவின் பெயர் இதோடு சேர்ந்தே வரும். பல சாதி வணிகர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று முதல் போட வேண்டும். ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. ஜோசப் பிரென்னிக், அரசரத்தினம் போன்ற வரலாற்றாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். இதை முன்னேற்றம் என்று பாராட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உறவுக்காரன் பணத்துக்கு உறவுக்காரன் ஜாமீன் நிற்பது வழக்கம்; உறவில்லாதவன் பணத்துக்கு ஜாமீன் நிற்க வைத்தது கம்பெனி தன் நட்டத்தை வணிகர் தலையில் பரப்பிய ஏற்பாடு. வீரண்ணா 1680-இல் இறந்தபோது கோட்டைப் பீரங்கிகள் முழங்கின. மரியாதை குறைவில்லை. அதற்குப் பின் வந்தவர்களுக்கு அந்தச் செல்வாக்கு அமையவில்லை.

இனிக் கொங்கு.

பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலமானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய திறப்பு வேறெங்கும் கிடையாது. நொய்யல் கரைக் கொடுமணல் காலத்திலிருந்தே சரக்கு இதன் வழியே போனது. கோவைப் பக்கத்தில் இராசகேசரிப் பெருவழி என்று கல்வெட்டே இருக்கிறது. கரூர், காங்கயம், பல்லடம், கோவை, பாலக்காடு என்று இன்றைக்குப் பேருந்து போகும் தடமும் அந்தத் திறப்பை நோக்கித்தான் போகிறது. போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் ஓயாமல் புலம்பிய ஒரு விஷயம் உண்டு: கொச்சியில் தங்களுக்கு வரவேண்டிய மிளகு, மாடுகளின் முதுகில் மலை தாண்டிக் கிழக்கே போய்விடுகிறது என்பது. கடற்படையை வைத்துக் கடலை மறிக்கலாம், பொதிமாட்டை எப்படி மறிப்பது? அந்தப் பொதிமாடுகள் போன வழிகளில் ஒன்று நம் வழி. திரும்புகாலில் துணியும் புகையிலையும் தானியமும் மலையாளத்துக்கு இறங்கின. பாக்கும் தேங்காயும் மிளகும் ஏறி வந்தன. கொங்குப் புகையிலைக்கு மலபாரில் இருந்த கிராக்கியைப் பார்த்துத்தான் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனி அதைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது.

இந்த வழியில் ஒரே குடும்பம் ஈரோட்டிலிருந்து பொன்னானி வரை போனதில்லை. கைமாறிக் கைமாறித்தான் போனது. நெய்தவர் கைக்கோளர் அல்லது தேவாங்கர். முன்பணம் கொடுத்தவர் உள்ளூர்ச் செட்டி. பொதி ஏற்றியவர்களில் சணல் சாக்கு நெய்து, மாடு ஓட்டி, வியாபாரமும் செய்த இருபத்து நான்கு மனைச் செட்டியார் போன்றவர்கள் இருந்தார்கள். கணவாயைத் தாண்டியதும் பாலக்காட்டுப் பட்டர்களும் இராவுத்தர்களும் வாங்கினார்கள். கரையில் மாப்பிள்ளைமார், கொங்கணிகள், யூதர்கள். கொச்சியில் டச்சுக் கம்பெனிக்குத் தலைமை வணிகராக இருந்த எசக்கியேல் ரஹபி 1771-இல் இறக்கும் வரை அந்தக் கரையில் கைமாறும் இடத்தைத் தம் குடும்பத்தின் கையில் வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சாதி, ஒரு மொழி, ஒரு தெய்வம், ஒரு திருமண வட்டம் முடிந்து இன்னொன்று தொடங்கியது.

ஒவ்வொரு வட்டமும் உள்ளுக்குள் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்கு இருபத்து நான்கு மனையே சான்று. அது பதினாறு வீடு, எட்டு வீடு என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். பதினாறு வீட்டார் தங்களுக்குள் பங்காளிகள், பெண் எடுப்பது எட்டு வீட்டில். அப்படியென்றால் எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும் அங்கே இருக்கும் சாதிக்காரர் ஒன்று பங்காளி, இல்லை மாமன் மச்சான். மூன்றாவது வகை கிடையாது. வழிப்பயணத்தில் இரவு தங்கவும், கடனுக்குச் சரக்கு விடவும், சொன்ன சொல் தவறியவனைப் பிடித்து இழுக்கவும் இதைவிட நல்ல ஏற்பாடு காகிதப் பத்திரத்தில் கிடைத்திருக்காது.

பிரெண்டா பெக் 1972-இல் வெளியிட்ட கொங்கு நாட்டு ஆய்வு இங்கே துணை செய்கிறது. காங்கயம் பக்கத்துக் கிராமமொன்றில் தங்கி ஆராய்ந்த அவர், வலங்கைச் சாதிகளின் உறவும் சடங்கும் நாடு, கிராமம், காணி என்ற நில எல்லைகளோடு பிணைந்திருந்ததையும், கைக்கோளர், ஆசாரிகள் உள்ளிட்ட இடங்கைச் சாதிகள் அந்த எல்லைகளைப் பொருட்படுத்தாமல் பரந்த வட்டத்தில் உறவு கொண்டதையும் காட்டினார். கொங்கு வேளாளக் கவுண்டருக்குக் கூட்டம் உண்டு, கூட்டத்துக்குக் காணி உண்டு, காணியில் குலதெய்வக் கோயில் உண்டு. நிலம்தான் உறவுக்கு ஆதாரம். அந்த உறவு கிணறு வெட்டும், தோட்டம் போடும், மாடு வளர்க்கும்; கப்பல் ஏறாது. கைக்கோளர் கதை வேறு. மாட்டிசன் மைன்ஸ் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் திருச்செங்கோட்டு ஏழூர் நாடு முதல் எழுபத்திரண்டு நாடுகள் வரை அடுக்கடுக்காக நீண்ட அவர்களின் அமைப்பை விவரிக்கிறார். அதன் உச்சி காஞ்சிபுரத்தில். நெசவாளரும் துணி வணிகரும் ஒரே சாதியாக இருந்ததால் தறியும் சந்தையும் ஒரே அமைப்புக்குள் வந்தன. கொங்கில் வெளியூர் வணிகத்துக்கு ஏற்ற உறவு வலை யாரிடமாவது இருந்ததென்றால் இவர்களிடம்தான். ஆனால் அந்த வலையும் தமிழ்நாட்டு எல்லைக்குள் முடிந்தது. கரையைத் தொட்ட இடத்தில் வேறு குடும்பங்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன.

அரசியலையும் சொல்லாமல் விட முடியாது. மதுரை நாயக்கர் கையிலிருந்த கொங்கு 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி தொடங்கி மைசூர் பக்கம் சாய்ந்தது. ஐதர், திப்பு காலத்தில் முழுக்க மைசூர்ச் சீமை. கம்பெனியோடு போர் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் கம்பெனித் துறைமுகங்களோடு வணிகம் செய்வது ராஜ துரோகத்துக்கு அடுத்த வீடு. திப்பு மிளகையும் சந்தனத்தையும் அரசே விற்கும் சரக்காக்கி, மஸ்கட்டில் வணிகக் கிடங்கு வைத்தார். சோழமண்டலக் கரையில் தனியார் குடும்பங்கள் கம்பெனியோடு பழகிப் பணம் சேர்த்த அதே பத்தாண்டுகளில் கொங்கு வணிகருக்கு அந்தப் பழக்கம் ஏற்படவே வழியில்லை.

பிறகு கதவு திறந்தபோது கம்பெனி தரகரைத் தேடி வரவில்லை, தானே வந்தது. சேலம், பாராமகால் 1792-இல் கம்பெனிக்குப் போயின, கோவை 1799-இல். 1800-இல் பிரான்சிஸ் புக்கானன் கோவைச் சீமை முழுக்க ஊர் ஊராகப் போய் எந்தச் சாதி என்ன நெய்கிறது, தறிக்கு என்ன வரி, முன்பணம் யார் கொடுக்கிறார் என்று விசாரித்து எழுதினார். அவருடைய நூல் 1807-இல் வந்தது. நல்ல வேலைதான், ஆனால் அது ஒரு வாங்குபவரின் விசாரணை என்பதை மறந்துவிட்டுப் படிக்கக்கூடாது. அப்போது கம்பெனிக்குத் துணி சேர்க்கும் அதிகாரி, வணிக ரெசிடென்ட் என்ற பெயரில், சேலத்தில் இருந்தார். அவர் கை கொங்குத் தறிகள் வரை நீண்டது. உள்ளூர்ச் செட்டியைத் தாண்டி, குமாஸ்தாக்கள் வழியே நெசவாளருக்கு நேரடியாக முன்பணம். வாங்கியவர் வேறு யாருக்கும் நெய்யக்கூடாது. 18-ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய நெசவாளருக்கு இருந்த பேரம் பேசும் பலம் எப்படிப் போனது என்பதை பிரசன்னன் பார்த்தசாரதி 2001-இல் எழுதிய நூலில் பார்க்கலாம்: முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வணிகரிடம் போகும் உரிமை பறிபோனதுதான் அடி.

அந்த ரெசிடென்ட் யார் என்று பார்த்தால் கதை மறுபடியும் குடும்பத்துக்கு வருகிறது. பெயர் சார்லஸ் கார்பென்டர். லியோனிலிருந்து வந்த பிரெஞ்சுக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்தில் டவுன்ஷயர் பிரபு பாதுகாவலராக இருந்து கம்பெனி வேலை வாங்கித் தந்தார். அவருடைய சகோதரி சார்லட் 1797-இல் மணந்துகொண்டவர் வால்டர் ஸ்காட், நாவலாசிரியர் ஸ்காட்டேதான். 1818-இல் கார்பென்டர் இறந்தபோது, மனைவி காலம்வரை அவருக்கு அனுபவ உரிமை, பிறகு சகோதரியின் பிள்ளைகளுக்கு என்று சொத்தை எழுதிவைத்திருந்தார். மாமன் சொத்து மருமக்களுக்கு! சேலத்திலும் கொங்கிலும் துணி கொள்முதல் செய்த அதிகாரியின் சேமிப்பு ஸ்காட்லாந்துக்கு ஒரு தாய்மாமன் சீராகப் போகிறது. ஆங்கிலேயர் நிறுவனத்தால் வென்றார்கள், நம்மவர் குடும்பத்தால் தோற்றார்கள் என்ற பாடப்புத்தகக் கதைக்கு இது ஒத்துவரவில்லை. சென்னைக்கும் லண்டனுக்கும் இடையிலான ஆங்கிலத் தனியார் வணிகம் சிபாரிசும் சம்பந்தமும் விதவை மணமுமாக நடந்ததை சோரன் மென்ட்ஸ் காட்டியிருக்கிறார். எலிஹு யேல்கூட சென்னையில் ஒரு கம்பெனி அதிகாரியின் விதவையை மணந்துதான் வசதியாக அமர்ந்தார். இரு பக்கமும் குடும்பம்தான். ஒரு பக்கத்துக் குடும்பத்துக்குப் பின்னால் சிப்பாய் நின்றான்; வேறுபாடு அது.

உறவு எல்லையைத் தாண்டிய வணிகம் உலகில் வேறெங்கும் நடக்கவில்லையா என்றால், நடந்தது. இத்தாலியின் லிவோர்னோ நகரத்து யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தை லிஸ்பன் வழியே கோவாவின் இந்து வணிகர்களுக்கு அனுப்பி வைரம் வாங்கினார்கள். முகம் பார்த்ததில்லை, மதம் ஒன்றில்லை, பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. கடிதமும் பழக்கமும் நல்ல பெயரும்தான் ஜாமீன். பிரான்செஸ்கா திரிவெல்லாட்டோ 2009-இல் இதை எழுதிய பிறகு, நம்பிக்கை என்றால் ரத்த உறவு என்று எளிதாகச் சொல்ல முடிவதில்லை. ஆர்மீனியரோ எதிர்த் துருவம்: இஸ்பகானை அடுத்த புது ஜுல்ஃபாவிலிருந்து சென்னை வரை, மணிலா வரை, தங்கள் ஆளே போனார். சென்னையில் கோஜா பெத்ரோஸ் உஸ்கான் 1720-களில் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டிக் கொடுக்கும் அளவுக்குச் செழித்தார். தங்கள் ஆளையே எல்லா இடத்துக்கும் அனுப்புவதா, அந்நியரோடு கணக்கு வைப்பதா? ஒவ்வொரு வணிகச் சமூகமும் இதற்கு ஒரு விடை கண்டது.

நகரத்தார் கண்ட விடை முதல் வகை, அதுவும் மிகக் கச்சிதமாக. அந்தக் கதை தொடங்கும் இடம் கொங்கின் விளிம்பில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 17-ஆம் நூற்றாண்டில் நேமங்கோயில் குமரப்பர் என்பவர் பழனிக்கு உப்பு கொண்டுபோய் விற்றார். லாபத்தில் ஒரு பங்கை முருகன் கணக்கில் மகமையாக எழுதினார். தைப்பூசக் காவடி நடையும் அங்கிருந்து வளர்ந்தது என்பது அவர்கள் மரபு. டேவிட் ருட்னர் 1994-இல் எழுதிய நூல் இந்தப் பழனி ஆவணங்களை வணிக வரலாற்றின் நடுவில் வைத்துப் பேசுகிறது. தெய்வத்தின் பணம் வட்டிக்கு நின்றது, கோயில் மடம் வழித்தங்கலானது, மகமை பொது நிதியானது. உப்பு விற்கப் போன வழியில் கற்றுக்கொண்ட அதே கணக்கைத்தான் 1820-களில் கொழும்பிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கிகளில் விரித்தார்கள். 1852-க்குப் பிறகு பர்மாவிலும். முதலாளி ஊரில் இருப்பார், மூன்று ஆண்டுத் தவணையில் ஏஜெண்ட் கடல் கடப்பார், அவரும் நகரத்தார்தான். ஒன்பது கோயில் பிரிவில் யார் பங்காளி, யார் பெண் கொடுக்கலாம் என்பது முன்பே தெரியும். வீட்டுப் பெண்களின் சீதனப் பணமும் தொழிலில் வட்டிக்கு நின்றது. கைமாறும் இடத்தில் உட்கார்ந்திருந்த அந்நியனை எடுத்துவிட்டு அங்கே தங்கள் ஆளையே உட்கார வைத்தார்கள். அந்நியத் துறைமுகத்தில் சம்பந்தம் செய்யாமலே அதைச் சாதித்தார்கள் என்பதில்தான் அவர்களின் தனித்தன்மை. கொங்குச் செட்டிகளுக்கும் பழனி அருகேதான், முருகன் பொதுவேதான். அவர்களிடம் இல்லாதது தறியைவிட்டுப் பிரிந்து நிற்கும் பணம். நகரத்தார் சரக்கிலிருந்து விலகி வட்டிக்கு மாறினார்கள்; கொங்கு வணிகர் சரக்கோடு கட்டுண்டிருந்தார்கள். சரக்கைக் கம்பெனி பிடித்ததும் அவர்களும் பிடிபட்டார்கள்.

ஆய்வு இனிப் போக வேண்டிய பக்கம் ஆங்கிலக் கோப்புகள் அல்ல என்பது என் எண்ணம். ஈரோட்டுப் புலவர் செ. இராசு வாழ்நாள் முழுக்கத் தேடித் தொகுத்த கொங்குச் சமுதாயச் செப்பேடுகளும் ஓலைகளும் இருக்கின்றன. பழனி மடங்களுக்குச் சாதிச் சபைகள் எழுதிக்கொடுத்த மகமைப் பட்டயங்கள் பக்தி ஆவணங்களாகவே படிக்கப்பட்டு வருகின்றன. எந்த ஊர்த் தலைக்கட்டுகள் கையெழுத்திட்டன, தலைக்கு எவ்வளவு, பொதிக்கு எவ்வளவு என்று பார்த்தால் அவை வணிக வலையின் வரைபடங்கள்.

கொங்குக் குடும்பங்கள் கடைசியில் கடலைத் தொட்டது வெள்ளைக்காரன் போய் ஒரு தலைமுறைக்குப் பின்புதான். 1978-இல் மும்பை வழியாகத் திருப்பூருக்கு வந்த வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் வாங்கியதிலிருந்து ஏற்றுமதிக் கதையைத் தொடங்குவது வழக்கம். நிலத்தோடு கட்டுண்டது என்று மேலே சொன்ன கவுண்டர் உறவு இந்த முறை கப்பல் ஏறியது. ஷரத் சாரி 2004-இல் எழுதிய நூலில், தோட்டத்து உழைப்பிலிருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள் சாதிக்காரரோடு கூட்டுச் சேர்ந்து முதலாளிகளான விதம் இருக்கிறது. அதற்கு முன்பே, 1992-இல், ஜூடித் ஹேயர் கோவைக் கிராமக் கவுண்டர் குடும்பங்களில் பெண்ணுக்குப் போடும் சீர் எப்படி முதலாக மாறி மாப்பிள்ளை வீட்டுத் தொழிலுக்குப் போகிறது என்று எழுதினார். பவுனும் பணமும் மச்சான் வழியே நகர்ந்தன. நிலம் பங்காளிகளுக்குள் பிரிந்தது. நைனியப்பர் திருவேங்கடத்தை அழைத்து வந்ததும் இந்தக் கணக்கில்தான்.

ஆனால் கைமாறும் இடம் இன்னும் வெளியில்தான் இருக்கிறது. பல்லடத்திலும் சோமனூரிலும் பெரும்பாலான விசைத்தறிக்காரருக்குத் தறி சொந்தம், பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பது, கிடைப்பது மீட்டருக்குக் கூலி. யாருக்கு நெய்த துணி எந்த ஊருக்குப் போகிறது என்பதை ஓட்டுகிறவர் தீர்மானிப்பதில்லை. ஒப்பந்தக் கூலி முழுதாக வராதபோது தறிகள் வாரக்கணக்கில் நிற்கின்றன. 2022 தொடக்கத்தில் அப்படி நின்றன. பேச்சுவார்த்தை மேசையின் இரண்டு பக்கமும் உட்காருபவர்களில் பலர் ஒரே ஊர், ஒரே சாதி, சில சமயம் மாமன் மச்சான். கூலி மட்டும் அதனால் உயர்ந்துவிடுவதில்லை.